கரையாத மருந்துக்கு எந்த இயற்கைப் பாலிமர்? கைட்டோசான், ஆல்புமின், ஸீன்: ஓர் ஒப்பீடு

நீரில் கரையாத ஒரு மருந்தை இயற்கைப் பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறு) கொண்டு செய்த மிக நுண்ணிய நானோதுகளில் ஏற்ற வேண்டும் என்று முடிவெடுத்த பலர் அடுத்த நிமிடமே கைட்டோசானை எடுத்துவிடுகிறார்கள். கிடைப்பது எளிது, செய்முறை ஒரு மணி நேர வேலை, படித்துப் பார்க்க ஆய்வுக் கட்டுரைகளும் ஏராளம். ஆனால் கரையாத மருந்து என்ற இந்தக் குறிப்பிட்ட சிக்கலுக்குக் கைட்டோசான் பல நேரங்களில் பொருந்தாத தேர்வு. ஆராய்ச்சி மாணவர்கள் ஓராண்டு உழைத்த பிறகு இதைக் கண்டுகொள்வது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். முதல் வாரத்திலேயே காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடக்கூடிய கணக்கு இது.

பாலிமரின் பெயரைப் பிறகு பார்க்கலாம். முதலில் மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்: மருந்து எந்த வழியில் உடலுக்குள் போகிறது, ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம், அது குடல் சுவரைத் தானே கடக்குமா. 1995இல் அமிடோன் குழு முன்வைத்த உயிர்மருந்தியல் வகைப்பாடு கடைசிக் கேள்விக்கு உதவும். கரைவது கடினம், ஆனால் குடல் சுவரை எளிதில் கடக்கும் என்றால் அது இரண்டாம் வகுப்பு. இரண்டுமே கடினம் என்றால் நான்காம் வகுப்பு. இந்த வேறுபாடு கைட்டோசானின் தலையெழுத்தையே தீர்மானிக்கிறது என்பதைச் சற்றுப் பிறகு சொல்கிறேன்.

காகிதத்தில் போட வேண்டிய கணக்கு

ஆய்வறிக்கைகளில் பெரிதாக அச்சிடப்படுவது பொதிவுத் திறன். போட்ட மருந்தில் எத்தனை சதவீதம் துகளுக்குள் போனது என்பதே அது. 90 சதவீதம் என்றால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நோயாளிக்கு முக்கியமானது மருந்துச் சுமை. அதாவது, துகளின் மொத்த எடையில் மருந்து எவ்வளவு என்பது.

200 மி.கி. பாலிமரில் 10 மி.கி. மருந்தைப் போட்டீர்கள், 9 மி.கி. உள்ளே போனது என்று வைத்துக்கொள்வோம். பொதிவுத் திறன் 90 சதவீதம். மருந்துச் சுமையோ 209இல் 9, அதாவது 4.3 சதவீதம்தான். ஒரு வேளைக்கு 5 மி.கி. போதும் என்ற மருந்தானால் 116 மி.கி. தூள் வேண்டும், சிறிய கேப்சூலிலேயே அடங்கிவிடும். அதே மருந்து 200 மி.கி. வேண்டும் என்றால் தூளின் எடை 4.6 கிராமைத் தாண்டுகிறது. உறைகுளிர் உலர்த்தலில் துகளைக் காக்கச் சேர்க்கும் டிரெஹலோஸோ மானிட்டாலோ இந்தக் கணக்கில் இன்னும் வரவில்லை. இவ்வளவையும் கேப்சூலில் அடைத்தால் ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி விழுங்க வேண்டியிருக்கும்.

இதிலிருந்து என் முதல் பரிந்துரை: வாய்வழி மருந்து, ஒரு வேளைக்கு நூறு மில்லிகிராமுக்கு மேல் என்றால் பாலிமர் நானோதுகள் என்ற யோசனையையே தள்ளி வையுங்கள். மருந்தையே அரைத்து நானோபடிகமாக்கலாம், அல்லது ஹெச்பிஎம்சி (செல்லுலோஸிலிருந்து செய்வது) போன்ற பாலிமரில் படிக வடிவம் இழந்த திடக்கரைசலாக்கலாம். நானோபடிகத்தில் துகளின் பெரும்பகுதி மருந்துதான். மேலே, துகள்கள் ஒட்டித் திரளாமல் தடுக்கும் நிலைப்படுத்தியின் மெல்லிய பூச்சு மட்டுமே இருக்கும். சிரோலிமஸ் மாத்திரையான ராபமியூன் 2000இலும், அப்ரெபிட்டன்ட் கேப்சூலான எமெண்ட் 2003இலும் இந்த வழியில்தான் சந்தைக்கு வந்தன. அவற்றை உருவாக்கியவர்களுக்கும் இயற்கைப் பாலிமர்கள் தெரியாமல் இல்லை.

டோஸ் சிறியது, அல்லது ஊசிவழி, அல்லது மருந்தைப் புளிப்பிலிருந்தோ காரத்திலிருந்தோ காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்றால் தொடர்ந்து படியுங்கள்.

கைட்டோசான் எங்கே சறுக்குகிறது

நண்டு, இறால் ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டினின் அசிட்டைல் தொகுதிகளை நீக்கினால் கைட்டோசான். நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, கலக்கியில் சுழலவிட்டு, சோடியம் டிரைபாலிபாஸ்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தெளிவாக இருந்த திரவத்தில் முதலில் மாற்றமே தெரியாது. ஒரு கட்டத்தில் விளக்குக்கு எதிரே பிடித்தால் நீலம் கலந்த மங்கல் தெரியும். நானோதுகள்கள் உருவாகிவிட்டன. இன்னும் விட்டால் வெண்திரளாகத் திரண்டு அடியில் இறங்கிவிடும். 1997இல் கால்வோ குழு வெளியிட்ட இந்த அயனிக் கூழாக்க முறை சூடில்லாதது, கரிமக் கரைப்பான் வேண்டாதது. புரத மருந்து, நியூக்ளிக் அமிலம் போன்றவற்றுக்கு அருமையான வழி.

இடைஞ்சல் அந்த நல்ல குணத்திலேயே இருக்கிறது. எல்லாம் நீரில் நடக்கிறது, பிறக்கும் துகளும் நீர் ஊறிய கூழ்தான். நீரை வெறுக்கும் மருந்துக்கு அதற்குள் ஒதுங்க இடமில்லை. எத்தனாலில் கரைத்து ஊற்றினால் மருந்து துகளுக்குள் போவதைவிடத் தனியாகப் படிகமாகவே அதிகம் விழும். கொழுப்பமிலச் சங்கிலியைக் கைட்டோசானில் பிணைத்து உள்ளே ஒரு எண்ணெய்க் கருவை உண்டாக்கலாம்தான். பலரும் செய்திருக்கிறார்கள். ஆனால் பிணைத்த அந்த நொடியிலிருந்து அது ஒரு புதிய வேதிப்பொருள். இயற்கையானது, பாதுகாப்பானது என்ற பழைய சான்று அதற்குப் பொருந்தாது. நச்சியல் சோதனைகளை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இப்போது வகைப்பாட்டுக்கு வருவோம். கைட்டோசானின் பெரும் புகழ் இரண்டு குணங்களால் வந்தது: நேர்மின்னேற்றத்தால் சளிப்படலத்தில் ஒட்டிக்கொள்ளும், குடல் செல்களுக்கிடையிலான இறுக்கமான இணைப்புகளைத் தற்காலிகமாகத் தளர்த்தும். இரண்டாம் வகுப்பு மருந்துக்கு அந்தத் தளர்வே தேவையில்லை. எண்ணெய் நாட்டமுள்ள மருந்து செல் சவ்வின் வழியாகவே போய்விடும், அதன் தடை கரைவதில் மட்டும்தான். ஆக, கைட்டோசானின் சிறந்த பலம் இரண்டாம் வகுப்பில் வேலையில்லாமல் நிற்கிறது. நான்காம் வகுப்பில் பயன்படலாம், அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை. கைட்டோசானின் அமினோ தொகுதிகளின் பிகேஏ (பாதித் தொகுதிகள் மின்னேற்றம் இழந்துவிடும் பிஎச்) ஏறத்தாழ 6.5. சிறுகுடலில் கீழே போகப் போக பிஎச் அதைத் தாண்டுகிறது, மின்னேற்றமும் குறைந்துவிடுகிறது. சளியில் ஒட்டுவதும் முழு வரம் ஆகாது. மேலடுக்குச் சளி தொடர்ந்து கழிந்துகொண்டே இருக்கும், அதில் ஒட்டிய துகளும் கூடவே போய்விடும். இதற்கெல்லாம் முன்பே, வயிற்றின் புளிப்பில் சாதாரணக் கைட்டோசான் துகள் ஊதிக் கரையத் தொடங்கிவிடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று: குறைந்த மூலக்கூறு எடை என்று மட்டும் எழுதிய புட்டியை நம்ப வேண்டாம். அந்த வரம்பு மிக அகலமானது. மூலக்கூறு எடையையும் அசிட்டைல் நீக்க அளவையும் எண்ணாகத் தரும் சான்றிதழைத் தொகுதிக்குத் தொகுதி கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் புதிய புட்டி திறந்த அன்று 180 நானோமீட்டர் துகள் 350 ஆகும், காரணம் பிடிபடாது.

இதனால் கைட்டோசானை ஒதுக்கச் சொல்லவில்லை. கருவாக வைப்பதைவிட மேற்பூச்சாக வைத்தால் அது நன்றாக உழைக்கும். மூக்கு வழி, கண் வழி மருந்துகளில் சளிப்பற்று உண்மையிலேயே மதிப்புள்ளது. துகள் சில நிமிடங்கள் கூடுதலாகத் தங்கினாலே அங்கே லாபம்.

ஆல்புமின்: ஊசிவழிக்கு இதற்கு நிகர் இல்லை

இயற்கைப் பாலிமர் நானோதுகள்களில், கரையாத மருந்தைச் சுமந்து மருத்துவமனை வரை போய்ச் சேர்ந்த தெளிவான எடுத்துக்காட்டு ரத்தப் புரதமான மனித ஆல்புமின்தான். புற்றுநோய் மருந்தான பாக்லிடாக்சல் நீரில் கிட்டத்தட்டக் கரையாது. அதனால் பழைய டாக்ஸால் ஊசியில் ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கிரிமோஃபோர் இஎல்லும் எத்தனாலும் கலந்த கரைப்பானில் கொடுத்தார்கள். கடும் ஒவ்வாமைக்கு அந்தக் கிரிமோஃபோரே பெரிய காரணம். ஸ்டீராய்டும் ஒவ்வாமைத் தடுப்பு மருந்தும் முன்கூட்டியே கொடுத்துவிட்டு, மார்பகப் புற்றுக்கான வழக்கமான முறைப்படி சதுர மீட்டருக்கு 175 மி.கி. மருந்தை 3 மணி நேரம் ஏற்ற வேண்டும்.

2005 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த, ஆல்புமின் துகளில் பாக்லிடாக்சலைச் சுமக்கும் அப்ராக்ஸேன் இந்தக் கரைப்பானையே எடுத்துவிட்டது. ஒரு புட்டியில் 100 மி.கி. பாக்லிடாக்சல், ஏறத்தாழ 900 மி.கி. மனித ஆல்புமின், துகளின் சராசரி அளவு 130 நானோமீட்டர் அளவில். சதுர மீட்டருக்கு 260 மி.கி., அதுவும் 30 நிமிடத்தில். மேலே போட்ட கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள்: மருந்துச் சுமை 10 சதவீதம்தான். 1.7 சதுர மீட்டர் உடற்பரப்புள்ளவருக்கு 442 மி.கி. மருந்துடன் 4 கிராம் ஆல்புமினும் உள்ளே போகிறது. வாய்வழி மாத்திரையில் இந்த எடை தோல்வி. ஊசியில் அப்படியில்லை, ஏனென்றால் ரத்தத்தில் ஏற்கெனவே லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் ஆல்புமின் ஓடிக்கொண்டிருக்கிறது. வழி மாறினால் கணக்கே மாறிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பரவிய மார்பகப் புற்றில் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் கட்டி சுருங்கியவர்கள் அப்ராக்ஸேன் பிரிவில் 33 சதவீதம், பழைய பாக்லிடாக்சல் பிரிவில் 19 சதவீதம். நரம்புப் பாதிப்பு மட்டும் அப்ராக்ஸேன் பிரிவில் அதிகம், ஏனென்றால் உள்ளே போன மருந்தும் அதிகம். பின்னர் வாரந்தோறும் கொடுத்து ஒப்பிட்ட இன்னொரு பெரிய சோதனையில் அது பழைய மருந்தை முந்தவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், துகள் கட்டியைத் தேடிப் போய்த் தாக்குகிறது என்ற கதையை நம்பிப் பாலிமரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ரத்தத்தில் நீர்த்ததும் அந்தத் துகள் சீக்கிரமே பிரிந்து, மருந்து தாங்கிய தனித்தனி ஆல்புமின் மூலக்கூறுகளாகிவிடுகிறது. நிச்சயமாகக் கிடைத்த லாபம் தீங்கான கரைப்பான் போனது. கரையாத மருந்துக்கு அதுவே போதுமான காரணம். 2021 நவம்பரில் அனுமதி பெற்ற ஃபயாரோ இதே வழியில் சிரோலிமஸைச் சுமக்கிறது.

ஆய்வகத்தில் செய்வதற்கு இரண்டு வழி. ஆல்புமின் கரைசலின் பிஎச்சை 8, 9 அளவுக்கு ஏற்றி, எத்தனாலை மெல்லச் சொட்டவிட்டால் புரதம் பாலாக வெளுத்துத் துகளாகும். ஆனால் அந்தத் துகள் நீரைப் பார்த்தால் திரும்பக் கரைந்துவிடும், குளூட்டரால்டிஹைடு போட்டுக் குறுக்கே பிணைக்க வேண்டும். உங்கள் மருந்தில் முதல்நிலை அமீன் இருந்தால் அது மருந்தையும் சேர்த்துப் பிணைத்துவிடும். மீந்து நிற்கும் குளூட்டரால்டிஹைடு செல்களுக்கு நஞ்சு. இரண்டாவது வழி அப்ராக்ஸேன் வழி: கரிமக் கரைப்பானில் மருந்து, நீரில் ஆல்புமின், இரண்டையும் சேர்த்து உயர் அழுத்த ஒருபடித்தாக்கி வழியாகத் திரும்பத் திரும்பச் செலுத்திப் பிறகு கரைப்பானை ஆவியாக்குவது. பிணைப்பி தேவையில்லை. கருவி விலை கூடியது, குளோரோஃபார்ம் பயன்படுத்தினால் மிச்சம் 60 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 60 பங்கு) அடங்க வேண்டும் என்ற, மருந்துகளுக்கான சர்வதேச வழிகாட்டு அமைப்பான ஐசிஎச்சின் வரம்பும் உண்டு. என்னைக் கேட்டால், ஊசி மருந்தாக மாறும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் தொடக்கத்திலிருந்தே இரண்டாவது வழியில் போவது நல்லது. மாட்டு ஆல்புமினில் செய்து பார்ப்பது பழக்கத்துக்குச் சரி. மனிதருக்கு அது அந்நியப் புரதம், அதில் கிடைத்த எண்களை அப்படியே மனித ஆல்புமினுக்கு நகர்த்தவும் முடியாது.

துகளின் அளவைச் சிறிதாக வைக்க ஒரு காரணம் உண்டு. 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டி வழியாகப் போனால் கிருமி நீக்கம் முடிந்தது. 130 நானோமீட்டர் துகள் தாராளமாகப் போகும். 250 ஆக வளர்ந்துவிட்டால் வடிகட்டியில் போகாது, சூடாக்கிக் கிருமி நீக்கவும் முடியாது, ஏனென்றால் ஆல்புமின் வெந்து திரண்டுவிடும்.

வாய்வழியில், குறைந்த டோஸில்: ஸீன்

மக்காச்சோளப் புரதமான ஸீன் நீரில் கரையாது, 60 முதல் 90 சதவீத எத்தனாலில் கரையும். கரையாத மருந்துகள் பலவும் அதே எத்தனாலில் கரைவதால் இரண்டும் ஒரே கரைசலில் தயாராக நிற்கும். அதை நீருக்குள் விரைவாக ஊற்றிக் கலக்கினால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் நீர் பகையாகி, ஒன்றையொன்று பற்றியபடி துகளாகின்றன. கைட்டோசானில் மருந்து தனியாக விழுகிற அதே தருணத்தில் இங்கே பாலிமரும் கூடவே விழுகிறது. வித்தியாசம் முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான்.

பிணைப்பி வேண்டாம், குளோரோஃபார்ம் வேண்டாம், எத்தனாலை ஆவியாக்கினால் போதும். வயிற்றுப் புளிப்பிலும் ஸீன் கரையாது. குர்குமின் போல நீரில் கரையாமலும் காரத்தில் சிதைந்தும் போகிற பொருளுக்கு இது இரட்டைப் பாதுகாப்பு.

குறை ஒன்று பெரியது. ஸீனின் சமமின் புள்ளி (புரதத்தின் நிகர மின்னேற்றம் பூச்சியமாகும் பிஎச்) ஏறத்தாழ 6.2. குடலின் பிஎச் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. வெறும் ஸீன் துகளை அந்த பிஎச்சுக்குக் கொண்டுவந்தால், பால் போல நின்ற திரவம் துகள் துகளாகத் திரண்டு குழாயின் அடியில் மஞ்சளாகப் படிந்துவிடும், குலுக்கினாலும் எழாது. உலர்த்தினால் திரும்ப நீரில் பிரியவும் மறுக்கும். தீர்வு பழக்கமானதுதான்: ஊற்றும் நீரில் முன்கூட்டியே சோடியம் கேசினேட் கரைத்து வைப்பது. பால் புரதம் துகளைச் சுற்றிப் போர்வையாகப் படிந்து, நடுநிலை பிஎச்சில் எதிர்மின்னேற்றம் கொடுத்து விலக்கி நிறுத்துகிறது. கேசீனின் சமமின் புள்ளி 4.6 என்பதால் புளிப்பில் அது தனியாகச் சிரமப்படும், அங்கே உள்ளிருக்கும் ஸீன் தாங்குகிறது. இன்னும் நேரம் தாங்க வேண்டும் என்றால் மேலே கைட்டோசான் அடுக்கு ஒன்று. அதன் இடம் கருவில் இல்லை, மேற்பூச்சில் என்று சொன்னது இதைத்தான்.

கேசீனை மட்டுமே பயன்படுத்தலாமா? வேலை மிக எளிது, தெளிப்புலர்த்தியில் தூளாக்கலாம். ஆனால் வயிற்றின் செரிமான நொதியான பெப்சின் அதைச் சீக்கிரம் செரித்துவிடும், மருந்து வயிற்றிலேயே வெளிவந்துவிடும். அதில் தொல்லை இல்லாத மருந்தாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கேசினேட் எந்த வடிவிலும் ஆகாது.

அல்ஜினேட்டையும் ஜெலட்டினையும் நீட்டாமல் சொல்லிவிடலாம். அல்ஜினேட் கால்சியத்தோடு சேர்ந்து அழகாகக் கூழாகும், குடலின் பாஸ்பேட் அந்தக் கால்சியத்தைப் பறித்துக்கொள்ளும். அதுவும் நீர் ஊறிய கூழ் என்பதால் கைட்டோசானின் அதே குறை. ஜெலட்டினுக்கு குளூட்டரால்டிஹைடு தலைவலி, அத்துடன் அமில வகையும் கார வகையும் வெவ்வேறு சமமின் புள்ளி கொண்டவை என்பதால் புட்டி மாறினால் துகளின் மின்னேற்றமே மாறும். கரையாத மருந்துக்கு இவை இரண்டையும் முதல் தேர்வாக நான் சொல்லமாட்டேன்.

முடிவை நம்புவதற்கு முன்

தேர்வு சரியா என்று சொல்ல வேண்டியது பரிசோதனை. இந்தத் துறையில் பரிசோதனையே ஏமாற்றும் இடங்கள் மூன்று உண்டு.

பொதிவுத் திறனை அளக்கத் துகளைச் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேலே தெளிந்த நீரில் எவ்வளவு மருந்து மிச்சம் என்று பார்ப்பார்கள். கரையாத மருந்து அந்த நீரில் எப்படியும் இருக்காது. துகளுக்குள் போகாமல் தனியாகப் படிகமான மருந்தும் அடியில்தான் கிடக்கும். 98 சதவீதம் என்று வரும் எண்களில் கணிசமானவை இப்படிப் பிறந்தவை. எக்ஸ்-கதிர் விளிம்பு விலகலில் மருந்தின் படிக முகடுகள் மறைந்தனவா என்று பார்க்காமல் அந்த எண்ணை எழுத வேண்டாம்.

இரண்டாவது, கரைதிறன் கூடியது என்று காட்டுவது. 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து அளந்தால் 150 நானோமீட்டர் துகளும் சேர்ந்தே இறங்கும், துகளில் இருக்கும் மருந்தும் கரைந்த மருந்தாகக் கணக்கில் ஏறும். துகளைச் சிறிதாக்குவதால் கரையும் வேகம் பெரிதும் கூடும். 10 மைக்ரோமீட்டரை 100 நானோமீட்டராக்கினால் ஒரே எடைக்குப் பரப்பு நூறு மடங்கு. படிகமாகவே இருக்கும் மருந்தின் கரைதிறன் மட்டும் அந்த அளவில் சிறிதே உயரும். எனவே நூறு மடங்கு கரைதிறன் என்ற எண் வந்தால் முதலில் வடிகட்டியைச் சந்தேகியுங்கள்.

மூன்றாவது டயாலிசிஸ் பை, அதாவது துகளை உள்ளே நிறுத்திக் கரைந்த மருந்தை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பை. 48 மணி நேரம் மெல்ல வெளிவந்தது என்ற வரைபடம் பல நேரங்களில் பையின் சுவரைத்தான் காட்டுகிறது. கரையாத மருந்து பைக்குள்ளே நிறைவுற்று நின்றுவிடும், வெளி நீருக்குப் போகும் வேகத்தைச் சவ்வும் அந்தச் சிறிய கரைதிறனும் தீர்மானிக்கும். துகள் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் விட்டிருந்தாலும் வரைபடம் அதேபோல்தான் இருக்கும்.

மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு கட்டுப்பாட்டு மாதிரி போதும். அதே மருந்து, அதே எத்தனால், அதே நீர், அதே நிலைப்படுத்தி, பாலிமர் மட்டும் இல்லாமல் முழுச் செய்முறையையும் ஒரு முறை ஓட்டுங்கள். அதன் துகள் அளவு, கரையும் வேகம், டயாலிசிஸ் வரைபடம் மூன்றையும் பாலிமர் துகளின் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒன்றுபோல வந்தால் பாலிமரை எடுத்துவிட்டு நானோபடிகத்துக்குப் போகலாம், மாத்திரையின் எடையும் குறையும். பாலிமர் உள்ள மாதிரி தெளிவாக முந்தினால், எந்த நிலையில் முந்துகிறது என்று பாருங்கள்: புளிப்பிலா, பிஎச் 6.8இலா, உலர்த்தி மீண்டும் கரைத்த பிறகா. மேற்பூச்சு வேண்டுமா, டிரெஹலோஸைக் கூட்ட வேண்டுமா என்பதை அதிலிருந்து முடிவு செய்யலாம்.